படுக்கையறை டிவி வயர்கள்: சுவருக்குள் புதைப்பதா, பலகைக்குப் பின்னால் விடுவதா?

டிவியைச் சுவரில் மாட்டுவது பெரிய வேலை இல்லை. பிராக்கெட்டுக்கு நான்கு துளை, ஆங்கர் போல்ட், இரண்டு பேர் தூக்கினால் முடிந்தது. அதற்குக் கீழே தொங்குகிற கறுப்பு வயர்களை என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நீளும். ஹாலில் ஷோகேஸ், மேசை, பூச்சாடி என்று மறைக்க ஏதாவது இருக்கும். படுக்கையறையில் கட்டிலுக்கு எதிரே இருப்பது வெறும் சுவர். படுத்துக்கொண்டு பார்த்தால் கண்ணுக்கு நேராக வயர். விளக்கை அணைத்த பிறகு செட்டாப் பாக்ஸின் சின்னச் சிவப்பு விளக்குகூட அறை முழுக்கத் தெரியும்.

சென்னையில் பழைய ஃப்ளாட் ஒன்றில் எங்கள் அறைக்கு இதைச் செய்ய வேண்டி வந்தபோது மூன்று வழிகளை எடைபோட்டேன். சுவரைக் கொத்தி பைப் பதிப்பது ஒன்று. சுவர்மேலேயே வயரை உள்ளே விட்டு மூடும் பிளாஸ்டிக் கேசிங் ஓட்டுவது இன்னொன்று. பலகை அடித்து அதன் பின்னால் எல்லாவற்றையும் விடுவது மூன்றாவது. கடைசியில் மின்சார வயர் மட்டும் சுவருக்குள் போனது. மற்றதெல்லாம் திறந்து மூடுகிற ஒரு சின்னப் பலகைப் பெட்டிக்குள் போனது. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பார்வைக்கு எது சுத்தம் என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்: சுவருக்குள் போவதுதான். டிவி மட்டும் சுவரில் ஒட்டி நிற்கும். கேசிங் அந்த அழகைத் தராது. செலவைப் பார்த்தால் வரிசை தலைகீழ்: கேசிங் சில நூறு ரூபாயில் முடியும், கொத்துவது பூச்சு, பட்டி, பெயிண்ட் என்று ஆயிரங்களில் போகும், முழுச் சுவர் பேனல் அதற்கும் மேலே. இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. நாளைக்கு ஒரு வயரை மாற்ற வேண்டும் என்றால் உள்ளே கை போகுமா என்பதை வைத்துத்தான் எடுத்தேன்.

டிவிக்குப் போகும் வயர்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. சுவிட்ச் போர்டிலிருந்து பிளக் பாயின்ட்டுக்கு வரும் ஒன்றரை சதுர மி.மீ. செப்புக் கம்பி, ஒழுங்காகப் போட்டால் பல ஆண்டுகள் தொட வேண்டியதே இல்லை. அதில் புது மாடல் என்று எதுவும் வரப்போவதில்லை. அதைச் சுவருக்குள் புதைப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் அப்படிப்பட்டதல்ல. 2009இல் வந்த 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 கிகாபிட் தாங்கினால் போதும் என்றிருந்தது. 2013இல் 2.0 வந்தபோது அது 18 ஆனது. 2017இல் 2.1 வந்தபோது 48. டிவி மாறும், செட்டாப் பாக்ஸ் மாறும், கேபிளும் மாறும். இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பழைய நல்ல கேபிளே பல நேரம் 4கே படத்தைச் சமாளித்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் முனையில் ஒரு கம்பி உள்ளே விட்டுப்போய்ப் படம் விட்டுவிட்டு வந்தால், சுவருக்குள் இருக்கும் கேபிளை என்ன செய்வது?

'பைப்புக்குள்தானே போகிறது, உருவி எடுத்து வேறு விடலாம்' என்பார்கள். பைப்பின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வழக்கமாகப் போடுவது 20 அல்லது 25 மி.மீ. பைப். 25 என்பது வெளிவிட்டம். உள்ளே கிடைப்பது அதைவிடச் சில மி.மீ. குறைவு. எச்டிஎம்ஐ முனையின் உலோகப் பகுதியே சுமார் 14 மி.மீ. அகலம். கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தால் 20 மி.மீ.யைத் தொடும் அல்லது தாண்டும். நேர் பைப்பில் இடித்துப்பிடித்துப் போகலாம், வளைவில் போகவே போகாது. அதனால் கொத்துபவர்கள் 2 அங்குல பைப் போடச் சொல்கிறார்கள். சரியான யோசனைதான், சுவர் தாங்கினால்.

எங்கள் அறைச் சுவர் நாலரை அங்குலம். ஒரு செங்கல்லின் அகலம், அதாவது 115 மி.மீ. அளவு. மேலிருந்து கீழாகக் கொத்தினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, கிடையாகக் கொத்தினால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்பது கட்டட வேலையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 115இல் மூன்றில் ஒரு பங்கு 38 மி.மீ. மேல் பூச்சையும் சேர்த்துக்கொண்டால் 50 கிடைக்கும். 2 அங்குல பிவிசி பைப்பின் வெளிவிட்டமோ 60 மி.மீ.க்கு வந்துவிடும். அந்தச் சுவரில் அதை மறைக்க வேண்டுமானால் செங்கல்லைப் பாதிக்குப் பாதி தின்ன வேண்டும். அந்தப் பக்கம் அடுத்த அறையின் பூச்சு விரிசல் விடலாம். அதே சுவரில்தான் டிவியின் எடையும் தொங்கப்போகிறது. இங்கேயே எனக்குப் பாதி முடிவு தெரிந்துவிட்டது.

ஒன்பது அங்குலச் சுவர் இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மறுபுறம், இப்போது வரும் பல அடுக்குமாடிகளில் மைவான் முறையில் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அங்கே சுவரும் கட்டடத்தைத் தாங்குகிறது. கட்டர் வைத்து வெட்டுவது கூடவே கூடாது. உங்கள் சுவர் எந்த வகை என்று தெரியாவிட்டால், கொத்த ஆள் கூப்பிடுவதற்கு முன் அசோசியேஷனிலோ கட்டியவரிடமோ கேட்டுவிடுங்கள். தூண், பீம் பக்கம் யார் சொன்னாலும் கைவைக்க விடாதீர்கள்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது: இடி. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் 'டிவி பிளக்கைப் பிடுங்கு' என்று வீட்டில் குரல் வரும். அந்தப் பழக்கம் சரியானது. சுவிட்சை அணைத்தால் ஒரு கம்பிதான் துண்டிக்கப்படுகிறது, அதுவும் சில மி.மீ. இடைவெளியில். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் கேபிள் அப்போதும் செட்டாப் பாக்ஸோடு இணைந்தே இருக்கும். பிளக்கையும் கேபிள் முனையையும் கழற்றினால்தான் நிம்மதி. பிளக் பாயின்ட்டை டிவிக்கு நேர் பின்னால் வைத்து, சுவரோடு ஒட்டும் பிராக்கெட்டில் டிவியை மாட்டிவிட்டால் இது எப்படி முடியும்? டிவிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ.தான் இருக்கும். நிறையப் பேர் வீட்டில் இப்படித்தான் அமைந்திருக்கிறது; மழைக்காலத்தில் அவர்கள் செய்ய முடிவது ஒன்றுமில்லை.

கேசிங்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். வாடகை வீடு என்றால் அதுதான், யோசிக்கவே வேண்டாம். மூடியை நெம்பினால் திறக்கும், வயரை மாற்றி மறுபடி அழுத்தினால் மூடும். நான் கேட்கும் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது அதுதான். சுவர் நிறத்திலேயே எமல்ஷன் அடித்துவிட்டால் தூரத்திலிருந்து அவ்வளவாக உறுத்தாது. அடிக்கும் முன் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் உரியும். இருபக்க டேப்பை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் பிடிப்பு விடும், விடும்போது சுவரின் பெயிண்ட்டையும் சேர்த்துக்கொண்டு வரும். ஸ்க்ரூதான் சரி. இருந்தாலும் டிவியின் அடியிலிருந்து தரைவரை ஒரு கோடு இறங்குவது படுக்கையிலிருந்து பார்க்கும்போது தெரியத்தான் செய்கிறது. செட்டாப் பாக்ஸை எங்கே வைப்பது என்பதற்கும் கேசிங்கிடம் பதில் இல்லை.

முழுச் சுவர் பேனல் இப்போது எல்லா இடத்திலும் வருகிறது. வரிவரியான ஃப்ளூட்டட் பலகை, மார்பிள் மாதிரி ஷீட், ஓரத்தில் எல்இடி பட்டை. புகைப்படத்தில் மிக அழகு. ஆனால் சிலிகானும் ஆணியும் வைத்து ஒரேயடியாக ஒட்டிவிடுகிறார்கள். வயர் பின்னால் போன பிறகு அது சுவருக்குள் போனதற்குச் சமம்தான். எல்இடி பட்டைக்கு மின்சாரம் தரும் டிரைவர் சூடாகும், பழுதாகும். அதையும் உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். வெளிச்சுவரில் ஓதம் இருந்தால் பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. பேனல்தான் வேண்டும் என்றால், குறைந்தது ஒரு பலகையாவது கழற்றும்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது இதன் சுருக்கம். வயர்களின் மேல்பாதியை டிவியே மறைத்துவிடுகிறது. கண்ணில் படுவது டிவியின் கீழ் விளிம்பிலிருந்து கீழே இருக்கும் இடம் மட்டும்தான். அந்த இடத்துக்கு மட்டும் ஓர் அடி அகலம், இரண்டரை அங்குல ஆழத்தில் ப்ளைவுட் பெட்டி. பக்கத்தில் ரீப்பர் என்கிற மரச்சட்டம், முன்னால் கழற்றக்கூடிய மூடி, மூடிக்குப் பூட்டாக நான்கு காந்தம். அலமாரிக் கதவில் போட்ட அதே மைக்காவையே மூடிக்கும் ஒட்டியதால் தனியாக எதையோ அடித்த மாதிரி தெரியவில்லை. பிராக்கெட் நேராகச் சுவரில். பலகைமேல் டிவியின் எடை கொஞ்சமும் இல்லை. பெட்டியின் அடியில் எட்டு அங்குல ஆழத்தில் ஒரு தட்டு, அதில்தான் செட்டாப் பாக்ஸ்.

வேலை செய்த ஆசாரி நல்ல கைக்காரர். அவருக்கு மூடி பிடிக்கவில்லை. "எதுக்கு சார் மூடி, ஒரேயடியா அடிச்சு மூடிட்டா இன்னும் நீட்டா இருக்கும்" என்றார். இணைப்புக் கோடு தெரியாது என்பது அவர் வாதம், அது உண்மையும்கூட. வேண்டாம் என்று நான் நின்றதற்குக் காரணம் மேலே சொன்ன இடியும் எச்டிஎம்ஐயும்தான்.

சுவிட்ச் போர்டிலிருந்து 20 மி.மீ. பைப் ஒன்று மட்டும் சுவருக்குள் வந்து, பெட்டிக்குள் இருக்கும் 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் முடிகிறது. நாலரை அங்குலச் சுவருக்கு அந்த அளவுக் கொத்தல் ஒன்றும் செய்யாது. டிவியோடு வந்த பவர் கார்டு பெட்டிக்குள் இறங்கி அந்தச் சாக்கெட்டில் சேர்கிறது. அந்த மெல்லிய கார்டைச் சுவருக்குள் விட்டுப் பூசுவது சிலர் செய்யும் வேலை. அது சுவருக்குள் போடத் தயாரித்த வயரே அல்ல, ஒருபோதும் செய்யாதீர்கள். பெட்டிக்குள் பவர் ஒரு ஓரம், கேபிளும் எச்டிஎம்ஐயும் எதிர் ஓரம். இரண்டையும் ஒன்றாகக் கட்டவில்லை. மழை வந்தால் மூடியை எடுத்து இரண்டையும் கழற்றுகிறோம், ஒரு நிமிடம்கூட ஆகாது.

செட்டாப் பாக்ஸை மறைப்பதில் ரிமோட் பெரிய சிக்கல். கேபிள், டிடிஎச் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் அகச்சிவப்பு ரிமோட்டில்தான் ஓடுகின்றன; நடுவே பலகை இருந்தால் வேலை செய்யாது. ப்ளூடூத் ரிமோட்டோடு வரும் ஸ்டிக்குகளுக்கு அந்தக் கவலை இல்லை, டிவியின் பின்னாலேயே விட்டுவிடலாம். சில பெட்டிகளில் அகச்சிவப்புக் கண்ணைத் தனி வயரில் வெளியே நீட்ட ஒரு துளை இருக்கும், எல்லாவற்றிலும் இல்லை. தட்டின் முன்னால் நாங்கள் போட்டது புகை நிற அக்ரிலிக் தகடு. ரிமோட் அதை ஊடுருவுகிறது, சிவப்பு விளக்கும் மங்கிவிட்டது. எல்லா அக்ரிலிக்கும் இப்படி விடும் என்று சொல்ல மாட்டேன். கடையிலேயே சோதித்துவிடலாம்: ரிமோட் முனைக்கு முன்னால் தகட்டைப் பிடித்து, பட்டனை அழுத்தியபடி ஃபோனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல ஃபோன்களில் அந்த ஒளி வெண்ஊதாவாகத் தெரியும். தகட்டுக்குப் பின்னாலும் தெரிந்தால் வாங்கலாம். தட்டின் பக்கங்களை மூடாமல் விடுங்கள், செட்டாப் பாக்ஸுக்குக் காற்று வேண்டும். அந்தச் சூடு பல்லிக்கும் கரப்பானுக்கும் பிடித்தமானது என்பதால் மாதம் ஒருமுறையாவது பிரஷ் வைத்துத் தட்டிவிட வேண்டியிருக்கிறது. இந்த வேலை சுவருக்குள் புதைத்தவர்களுக்கு இல்லை.

கரையானைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது; பலகை அடித்து அதிக காலம் ஆகவில்லை. பெட்டி தரையைத் தொடாமல் தொங்குகிறது, அதனால் மண்கோடு ஏறினால் கண்ணில் பட்டுவிடும், தரை துடைக்கும் தண்ணீரும் படாது. எம்டிஎஃப் மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் உப்பும் என்பதால் அதைத் தவிர்த்தேன். டிவியை இழுத்துத் திருப்பும் கைபோன்ற பிராக்கெட்டோடு இந்த அமைப்பு எப்படி ஒத்துவரும் என்பதும் என் அனுபவத்தில் இல்லை. அதற்குக் கேபிளில் தளர்வு கூடுதலாக விட வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிகிறது.

கொத்துவதையே தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உண்டு. வைஃபையில் ஓடும் ஸ்மார்ட் டிவி மட்டும், செட்டாப் பாக்ஸே வேண்டாம் என்பவர்களுக்குத் தேவை மின்சார வயர் ஒன்றுதான். அவர்களுக்குப் பலகையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். சாக்கெட்டை மட்டும் டிவியின் ஓரத்துக்குள் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள், சுவரும் ஒன்பது அங்குலம் என்றால், பூச்சு வேலைக்கு முன்பே 2 அங்குல பைப் போட்டுவிடலாம். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி வளைவு இரண்டு, பின்னால் கேபிளைக் கட்டி இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறு, மின்சாரத்துக்குத் தனி பைப். பூசி மூடும் முன் அளவு டேப்பைச் சுவரில் நீட்டிப் பிடித்து, பைப் எந்த உயரத்தில், மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது என்று தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் பிராக்கெட்டுக்குத் துளை போட வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.