டர்ட் ரேஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லடம் தாண்டி ஒரு பொட்டக்காட்டில் நடந்த டர்ட் ரேஸை, அதாவது மேடு பள்ளமான மண் தடத்தில் ஓட்டும் பைக் பந்தயத்தை, இடது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். நானும் ஓட்டியிருக்க வேண்டிய பந்தயம். நம்பர் ஸ்டிக்கர்கூட வண்டியில் ஒட்டியாகிவிட்டது. நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. அதே ஆட்கள் வேறு பெயரில் தாராபுரம் பக்கம் அடுத்த ரேஸுக்கு வாட்சப்பில் ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நுழைவுக் கட்டணம் 3,500 ரூபாய், இன்சூரன்ஸுக்குத் தனியாக 500. ஜிபேயில் அனுப்பிவிட்டு ரசீது கேட்டால், "அதான் ஸ்கிரீன்ஷாட் இருக்குதுங்களே" என்றார்கள். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு பயிற்சி நாள் என்று வரச் சொன்னார்கள். என் எக்ஸ்பல்ஸ் பைக்கில் நாலாவது சுற்று. டேபிள்டாப் என்கிற, உச்சி தட்டையான தாவு மேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு முன்னால் போனவர் விழுந்து கிடந்திருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து அது தெரியாது. வண்டி காற்றில் இருக்கும்போதுதான் பார்த்தேன். காற்றில் எந்த பிரேக்கைப் பிடிப்பது? அவர் மேல் இறங்காமலிருக்க உடம்பைச் சாய்த்தேன், இடது தோளில் விழுந்தேன். காறை எலும்பு இரண்டு துண்டு.

ஆம்புலன்ஸ் என்று ஓர் ஆம்னி வேன் நின்றது. அதன் சாவி டிரைவரிடம், டிரைவர் டீக்கடையில். கடைசியில் நண்பன் காரில்தான் கோயம்புத்தூர் போனேன். பிளேட், ஆறு ஸ்க்ரூ, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம். "எண்ணெய்க் கட்டுப் போட்டாப் பத்தாதா கண்ணு" என்று அம்மாயி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, 500 ரூபாய் கட்டினோமே என்று பாலிசி நகல் கேட்டேன். "ஆபீஸ்ல இருக்குதுங்ணா", "ஏஜென்ட் ஊர்ல இல்லீங்ணா" என்று பத்து நாள் ஓட்டினார்கள். அப்புறம் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பெரிதாக்கிப் படித்தால், அது போன வருடம் வேறொரு நிகழ்ச்சிக்கு எடுத்தது. காலாவதியாகிப் பல மாதம். அதுவும் பொதுமக்களுக்குச் சேதம் வந்தால் கொடுக்கிற பாலிசி. வண்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

நம் சொந்த வண்டியின் இன்சூரன்ஸ் கை கொடுக்கும் என்றும் நினைக்காதீர்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் செல்லாது என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. அதோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உயிர்ச்சேதத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்லை. மருத்துவக் காப்பீட்டிலும், தொழில்முறையாக மோட்டார் பந்தயத்தில் கலந்துகொண்டு அடிபட்டால் கிடையாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. நான் தொழில்முறை வீரன் இல்லை, நூல் மில்லில் மெயின்டெனன்ஸ் பார்ப்பவன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "ரேஸன்னைக்கு வாங்க, கையோட குடுத்தர்றோம்" என்றார்கள். போனால் பணத்துக்குப் பதில் விஐபி பாஸ். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான்.

வந்தது வந்துவிட்டோம் என்று பார்த்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொடக்கக் கோட்டில் வண்டிகளைத் தடுத்து நிறுத்தும் கேட் விழுந்ததும் இருபது வண்டி ஒன்றாகக் கத்தியது, செம்மண் புழுதி எழும்பியது, டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் தூளிக்குள் இருந்த என் விரல்கள் தானாக கிளட்ச் பிடித்தன, பிளேட் வைத்த இடம் சுரீர் என்றது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஷொரணூர்க்காரரான பைக் பந்தய வீரர் ஹரித் நோவா, பாலைவனத்தில் நடக்கும் டக்கார் ராலியில் 2024-இல் ராலி-2 பிரிவில் முதலாவதாக வந்தவர், அடுத்த வருட ராலியின் தொடக்கத்திலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து வெளியே வர வேண்டியதாயிற்று. அவர் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ.

நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல், கயிற்றோரமாகவே நடந்து நான் விழுந்த மேட்டுக்குப் போனேன். ஓட்டும்போது கண்ணில் படாதது அங்கே நின்றபோது தெரிந்தது. மேட்டில் கொடிக்காரரே இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் விழுந்தால் இந்தப் பக்கம் மஞ்சள் கொடி ஆட வேண்டும். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து வேகம் குறைப்பார், முந்த மாட்டார், தாவாமல் உருட்டிக்கொண்டு இறங்குவார். கண்ணுக்கு மறைவான மேட்டில் ஆள் நிறுத்துவது அதற்குத்தான். கொஞ்சம் தள்ளி ஒரு பையன் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அதுவரை என் கணக்குத்தான் தப்பு, சின்ன ஜம்ப்பாக எடுத்திருக்கலாம் என்று என்னையே நொந்துகொண்டிருந்தவன் நான்.

மூன்றாவது ஹீட்டில் (தகுதிச் சுற்றில்) அதே இடத்தில் ஒரு காலேஜ் பையன் விழுந்தான். கயிற்றுக்குள் நுழைந்து மேட்டடியில் நின்று ஒற்றைக் கையை ஆட்டினேன். இரண்டு வண்டி ஒதுங்கிப் போயின. மூன்றாவது அவனுடைய பின் சக்கரத்தில் இடித்துவிட்டுப் போனது. பையனுக்குக் கணுக்கால் உடைந்ததோடு போயிற்று. அதற்குள் நடத்துகிறவர் ஓடி வந்தார். "நீங்க ஏனுங்ணா உள்ள வர்றீங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் பிரச்சனை ஆயிரும்!"

சிரிக்கவும் முடியவில்லை, சிரித்தால் தோள் வலிக்கும்.

பணம் கட்டும் முன்பே எஃப்எம்எஸ்சிஐ அனுமதி எண்ணைக் கேளுங்கள். நம் நாட்டில் மோட்டார் பந்தயங்களுக்கான கூட்டமைப்பு அதுதான். முறையான பந்தயம் என்றால் ஓட்டுகிறவரிடமும் அதன் லைசென்ஸ் கேட்பார்கள். எங்களிடம் யாரும் ஆதார்கூடக் கேட்கவில்லை. பாலிசியின் போட்டோ போதாது, தேதியையும் யாருக்கான காப்பீடு என்பதையும் படித்துப் பாருங்கள். பயிற்சி நாளன்று வண்டியை இறக்கும் முன் ஒரு சுற்று நடந்தே போய், எந்த மேட்டில் கொடியோடு ஆள் நிற்கிறார் என்று எண்ணுங்கள். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேச்சுக் கொடுங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கணுக்கால் உடைந்த பையனின் அப்பா முந்தாநாள் கூப்பிட்டார். அவரிடமும் அதே காலாவதித் தாளின் போட்டோதான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.