டிசி எக்ஸ்பொனென்ட்டோடு ஏழு வருஷம்

தரமணியில் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எண்ணெய், எரிவாயுக் கிணறு துளையிடும் ரிக்குக்காகப் போர் பிரஷரை (pore pressure) கணிப்பது என் வேலை. அதாவது, பிட் (துளையிடும் முனை) குடைந்துகொண்டிருக்கும் பாறையின் நுண்துளைகளில் அடைபட்ட நீரோ வாயுவோ எவ்வளவு முட்டுகிறது என்பது. குறைத்துக் கணித்தால் கிணறு திமிறும். 1995-ல் பாசர்லபூடி கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்ததை எங்கள் துறையில் இன்னும் பேசுவார்கள்.

நான் அதிகம் புழங்கியது டிசி எக்ஸ்பொனென்ட். பாறையைத் துளையிடுவது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை வைத்து அந்த அழுத்தத்தை ஊகிக்க உதவும் ஓர் எண். துளையிடும் வேகம், ஆர்பிஎம், பிட் மேல் எடை, பிட் விட்டம், மட் வெயிட் (அழுத்தத்தை அடக்கக் கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றுக் குழம்பின் அடர்த்தி), இவ்வளவு போதும். தனிக் கருவி எதையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம், செலவே இல்லை. ஆழம் கூடக்கூட ஷேல் (களிமண் பாறை) இறுகும், டிசி ஏறும். ஏற வேண்டிய இடத்தில் சரிந்தால், அங்கே தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது, அழுத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மணற்பாறையில் இது செல்லாது. செயற்கை வைரப் பற்கள் வைத்த பிடிசி பிட் போட்டால் பாதி நேரம் உளறும்.

ஒரு நைட் ஷிஃப்ட். 12¼ இன்ச் பகுதியில் பிட் மாற்றி இறக்கியதும் 1.37-ல் இருந்த டிசி 1.09-க்கு விழுந்துவிட்டது. பதறிப்போய், ரிக்கில் மேலே வரும் சேற்றையும் பாறைத் துகளையும் கண்காணிக்கும் மட் லாகருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, டிசி விழுந்துடுச்சு. மட் வெயிட்ட ஏத்தச் சொல்லிடட்டுமா?"

"இருப்பா. இந்த ட்ரிப்புல மோட்டார் இறக்கியிருக்கோம். நீ மேல சுத்துற 60-ஐ மட்டும்தானே போட்டிருக்க?"

அப்படித்தான் போட்டிருந்தேன். மோட்டார் கிணற்றின் அடியில் பிட்டைத் தனியாகச் சுற்றும்; அதன் 120-ஐச் சேர்த்ததும் கோடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சொன்னபடி மட்டைக் கனமாக்கியிருந்தால் மேலே இருந்த நோஞ்சான் மணற்பாறை விரிசல் விட்டு அத்தனை மட்டையும் குடித்திருக்கும்.

இன்னொரு தலைவலி ட்ரெண்ட் லைன், அதாவது அழுத்தம் சாதாரணமாக இருந்தால் டிசி எப்படி ஏறும் என்று நாம் இழுக்கும் கோடு. அளந்த டிசியை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டு அழுத்தத்தைச் சொல்லும் ஈட்டன் சூத்திரம் 1975-லிருந்து இருக்கிறது, டிசிக்கு அடுக்கு 1.2. சூத்திரத்தில் குறையில்லை, கோட்டை இழுப்பது நம் கை. மேற்பாறைச் சுமை 19.2, சாதாரண அழுத்தம் 8.7 பிபிஜி (கேலனுக்கு இத்தனை பவுண்ட், மட் வெயிட்டின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். அளந்த டிசி கோட்டில் 0.8 பங்கு என்றால் விடை 11.2. கோட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி 0.85 ஆக்கினால் 10.6. பத்தாயிரம் அடியில் அந்த வித்தியாசம் முந்நூறு பிஎஸ்ஐக்கு மேல். அதே தரவை இரண்டு பேரிடம் கொடுங்கள், இரண்டு விடை வரும். இரண்டு பேருமே மற்றவரைத் திட்டுவார்கள்.

அதனால் இப்போதெல்லாம் டிசி எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் நம்புகிறேன், எண்ணை அல்ல. எண்ணுக்கு, பாறையின் மின்தடையைக் காட்டும் ரெசிஸ்டிவிட்டியும் ஒலி பாயும் வேகத்தைக் காட்டும் சோனிக்கும் பார்ப்பேன். அதற்கும் முன்னால் கனெக்‌ஷன் கேஸ். பைப் சேர்க்கப் பம்பை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மட்டோடு மேலே வரும் அந்த வாயுவின் அளவு முன்னதைவிட உயரமாக நின்றால், கிணற்றுச் சுவரிலிருந்து உடையும் கேவிங்ஸும் சிம்புசிம்பாக ஷேக்கரில் (மட்டைச் சலிக்கும் சல்லடை) விழுந்தால், கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், அண்ணனுக்கு போன்தான்.

என் ஷீட்டில் மோட்டார் ஆர்பிஎம்முக்கு இப்போது தனிக் கட்டம் இருக்கிறது. காலியாக விட்டால் கணக்கே ஓடாது.