எம்பயர் ஸ்டேட்டில் ஏறினால் எம்பயர் ஸ்டேட் தெரியாது

நியூயார்க்கில் டிக்கெட் எடுத்து உச்சிக்குப் போய் ஊரைப் பார்க்க, பெயர்பெற்ற கட்டடங்கள் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் ஏறினால் பர்ஸ் தாங்காது. ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு ராக்ஃபெல்லர் சென்டரின் ‘டாப் ஆஃப் தி ராக்’குக்கு.

எம்பயர் ஸ்டேட்டை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். 86ஆவது மாடியில், சுமார் 320 மீட்டர் உயரத்தில், நாலு பக்கமும் திறந்தவெளியில் நிற்பது தனி சுகம்தான். கட்டடத்தின் கதையும் சுவாரசியமானது. 1931இல் திறந்தபோது பொருளாதார மந்தம். வாடகைக்கு ஆள் வராததால் ‘எம்ப்டி ஸ்டேட்’ என்று ஊரே கிண்டலடித்தது. முதல் வருடம் வாடகையில் வந்த அளவுக்கு, மேலே வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமிருந்தும் வசூலானதாம். ஆனால் அங்கே ஏறி நின்று படமெடுத்தால், அந்தப் படத்தில் எம்பயர் ஸ்டேட் இருக்காது. மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் போட்டோ மாதிரி. போதாக்குறைக்குச் சுற்றிலும் கம்பி வேலி வேறு. கூடுதல் காசு கேட்கும் 102ஆவது மாடி, கண்ணாடி போட்ட சின்ன அறை. அந்தக் காசுக்கு வயிறார பீட்சா சாப்பிடலாம்.

ராக்ஃபெல்லரின் 70ஆவது மாடி இதைவிட 60 மீட்டர் தாழ்வு. அது குறையே இல்லை. தெற்கே திரும்பினால் எம்பயர் ஸ்டேட் நேர் எதிரே முழுசாக நிற்கும். வடக்கே சென்ட்ரல் பார்க் பச்சைப்பாயாக விரியும். உச்சித் தளத்தில் கண்ணாடித் தடுப்பு கிடையாது, அதனால் படத்தில் விளக்கொளி பிரதிபலிக்கும் தொல்லையும் இல்லை. இரும்பு உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் தொழிலாளர்களின் பிரபலமான படம், 1932இல் இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது எடுத்ததுதான்.

சரி, மற்ற மூன்று? மழை, குளிர், கூடவே வயதானவர்கள் என்றால் ஒன் வேர்ல்ட் ட்ரேட் சென்டர். முழுக்கக் கண்ணாடிக்குள்தான் நிற்கிறோம். சுதந்திர தேவி சிலை பொம்மை அளவுக்குத் தெரியும். லிஃப்ட் 47 விநாடியில் மேலே போய்விடும். அதற்குள் சுவர்த்திரையில் ஐந்நூறு வருட நியூயார்க் வளர்ந்து முடிந்துவிடும். எனக்கு வெளியே தெரிந்த ஊரைவிட அந்த லிஃப்ட்தான் பிடித்தது! 2020இல் திறந்த எட்ஜ், ஹட்சன் ஆற்றை ஒட்டி 100ஆவது மாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சூரியன் ஆற்றுக்கு அப்பால் இறங்குவதைப் பார்க்க நல்ல இடம். கண்ணாடித் தரையில் நிற்கத் துணிவு வேண்டும். ஒன் வாண்டர்பில்ட் கட்டடத்தில் இருக்கும் சம்மிட்டில் தரையும் கூரையும் முகம் பார்க்கும் கண்ணாடி. கிரைஸ்லர் கட்டடம் பக்கத்தில் தெரியும் என்றாலும், ஊரைவிட உங்களையே அதிகம் பார்ப்பீர்கள். இன்ஸ்டாகிராம்காரர்களுக்குக் கொண்டாட்டம். கவுன், பாவாடை மட்டும் வேண்டாம், காரணம் தரை.

எதில் ஏறினாலும் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே மேலே இருங்கள். ஒரே டிக்கெட்டில் பகலும் கிடைக்கும், விளக்கேற்றிய ஊரும் கிடைக்கும். ஜூனில் அஸ்தமனம் எட்டரை வாக்கில், டிசம்பரில் நாலரைக்கே. அந்த நேரத்து டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் விலை கூடுதல், கூட்டமும் கூடுதல்.

அப்புறம் மேகம். ஒரு முறை வாரக்கணக்கில் முன்னாடியே டிக்கெட் வாங்கிவிட்டு, மேலே போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். காசு திரும்பவில்லை. இப்போதெல்லாம் வானிலையைப் பார்த்துவிட்டு முதல் நாள்தான் வாங்குகிறேன். போகும்போதும் தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பேன். உச்சி தெரியாவிட்டால் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கவுண்ட்டரில் கேட்பேன்.