இன்டர்ஃபெரான் காமாவா, இன்டர்லூக்கின் 17-ஆ? காசநோய்த் தடுப்பூசியை எதை வைத்து எடை போடுவது?

நம்மில் பெரும்பாலானோருக்குத் தோளில் ஒரு சிறு தழும்பு இருக்கும். குழந்தையாக இருந்தபோது போட்ட பிசிஜி ஊசியின் அடையாளம் அது. 1921-இல் பாரிசில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட மருந்து. நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்கப் பரவலாகப் போடப்படும் காசநோய்த் தடுப்பூசி அது ஒன்றுதான். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து நன்றாகவே காப்பாற்றுகிறது. பெரியவர்களின் நுரையீரல் விஷயத்தில்தான் சிக்கல். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், பதினைந்து வருடம் பின்தொடர்ந்தும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் தோல் சோதனை (கிருமியின் புரதத்தைத் தோலில் ஏற்றி உடம்பின் எதிர்வினையைப் பார்ப்பது) செய்து பார்த்தபோது தோல் நன்றாகத் தடித்தது. அதாவது உடம்பு பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் நோய் நிற்கவில்லை. ‘பதில் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை’ என்ற இந்தப் புதிர்தான் இன்று வேறு பெயர்களோடு தொடர்கிறது.

காசநோய்க் கிருமி ஒளிந்து வாழும் இடம் விசித்திரமானது. தன்னை விழுங்கிச் செரிக்க வேண்டிய மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே அது குடியிருக்கிறது. அந்தச் செல்லை உசுப்பிவிட, டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞை மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. தடுப்பூசி செய்யும் வேலையில் பெரும்பகுதி, இந்தச் சமிக்ஞை சீக்கிரமாகவும் சரியான இடத்திலும் கிடைக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான். எந்தச் சமிக்ஞை என்பதில்தான் போட்டி.

பல வருடங்களாக முன்னணியில் இருப்பது இன்டர்ஃபெரான் காமா. அதற்குக் காரணமும் உண்டு. இந்த மூலக்கூறு இல்லாத எலிகள் காசநோயில் வேகமாகச் செத்துப்போவதை 1993-இல் காட்டினார்கள். மனிதரில் இன்னும் தெளிவான சாட்சி: இந்தச் சமிக்ஞைப் பாதையில் பிறவிக் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்கு, பலவீனமாக்கப்பட்ட பிசிஜி கிருமியே உடம்பெங்கும் பரவிவிடுகிறது. அப்புறம், அளப்பதும் சுலபம். ரத்தத்தில் கிருமியின் புரதத்தைச் சேர்த்தால் போதும், எவ்வளவு இன்டர்ஃபெரான் சுரக்கிறது என்று எண்ணிவிடலாம். ஆய்வகங்களுக்கு இது பழகிப்போனதற்கு அறிவியல் பாதிக் காரணம், வசதி மீதிக் காரணம் என்பது என் சந்தேகம்.

அடி விழுந்தது 2013-இல். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எம்விஏ85ஏ தடுப்பூசியை, தென்னாப்பிரிக்காவின் வூஸ்டர் நகரை ஒட்டிய பகுதியில் 2,797 கைக்குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் டி செல்கள் கூடின. நோய்த்தடுப்பு 17.3 சதவீதம், புள்ளியியல்படி அது பூஜ்யமாகவும் இருக்கலாம். 2016-இல் வந்த ஓர் எலி ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. டி செல்கள் கிருமியைக் கட்டுப்படுத்துவதில் இன்டர்ஃபெரான் காமாவின் பங்கு மண்ணீரலில் 80 சதவீதத்துக்கு மேல். நுரையீரலில் சுமார் 30 சதவீதம்தான். ஒவ்வொரு டி செல்லும் சுரக்கும் அளவை இரண்டு மடங்காக்கியபோது எலிகள் பிழைக்கவில்லை, முன்னதாகவே செத்தன. உப்பில்லாமல் குழம்பு இல்லை. அதற்காக இரண்டு கை உப்பு போட்டால் யார் சாப்பிடுவது?

சரி, இன்டர்லூக்கின் 17 என்ன செய்கிறது? அது நேராக மேக்ரோபேஜிடம் பேசுவதைவிட ஆள் கூட்டும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. தடுப்பூசி போட்ட எலியின் நுரையீரலுக்குக் கிருமி வந்ததும், இந்த மூலக்கூறு அங்கே வேதி அழைப்புகளைக் கிளப்பி, மற்ற டி செல்களைச் சீக்கிரம் வரவழைக்கிறது என்பதை 2007-இல் கண்டார்கள். காசநோயில் நேரம்தான் எல்லாம், டி செல்கள் வந்து சேர்வதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. 2019-இல் நெதர்லாந்தில் ரீசஸ் குரங்குகளுக்கு பிசிஜியைத் தோலில் போடாமல் நேரே நுரையீரலுக்குள் செலுத்தியபோது, பாதுகாப்போடு சேர்ந்து காணப்பட்டவை இன்டர்லூக்கின் 17 சுரக்கும் செல்களும், இன்டர்லூக்கின் 10-உம், ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளும். இதில் இன்டர்லூக்கின் 10 வேடிக்கையான விருந்தாளி. அழற்சிக்கு பிரேக் போடுவதால் காசநோய் ஆய்வில் அதை வில்லனாகவே பார்த்து வந்தார்கள்.

அடுத்த வருடம் இன்னொரு குழு பிசிஜியை ரத்தநாளத்தில் செலுத்தியது. பத்துக் குரங்குகளில் ஒன்பது பாதுகாக்கப்பட்டன, ஆறில் கிருமியின் சுவடே இல்லை. நுரையீரலில் டி செல்கள் நிரம்பிக் கிடந்தன. ஆனால் அங்கே இன்டர்ஃபெரான் வகைச் செல்களும் 17 வகைச் செல்களும் சேர்ந்தே இருந்தன, எனவே வெற்றியை ஒருவர் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

17-க்கும் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. ஏற்கெனவே தொற்று உள்ள எலிகளுக்கு பிசிஜியைத் திரும்பத் திரும்பப் போட்டபோது 17 எகிறியது, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வெள்ளமாய்ப் புகுந்தன, நுரையீரல் புண்ணானது. நம்மூர்ப் பெரியவர்களில் பலர் உறங்கும் கிருமியைச் சுமப்பவர்கள் என்பதால், இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

மூன்றாவதாக டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைனின் பெயரும் அடிபடும். அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மூட்டுவாத மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இல் அறிக்கை வந்தது. அது தேவை என்பதில் சந்தேகமில்லை. தடுப்பூசியை எடை போடும் படிக்கல்லாக அதை மட்டும் யாரும் வைப்பதில்லை.

நான் 17-இன் பக்கம் சாய்கிறேன், மூலக்கூறைவிட இடத்துக்காக. ரத்தத்தில் தெரியும் கணக்கு வேறு, நுரையீரலில் நடப்பது வேறு. ஆனால் என் கட்சிக்கு எதிரான சாட்சிகளையும் சொல்லியாக வேண்டும். எம்விஏ85ஏ ஆய்வுக் குழந்தைகளின் ரத்தத்தையே 2016-இல் மறுபடி அலசியபோது, பிசிஜிக்கு இன்டர்ஃபெரான் காமா பதில் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் அபாயம் குறைவாக இருந்தது. அதைவிட, பெரியவர்களிடம் இதுவரை கண்ணுக்குத் தெரியும் பலன் தந்த புதிய தடுப்பூசி எம்72. கென்யா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்காவில் ஏற்கெனவே தொற்று உள்ளவர்களிடம் மூன்று வருடத்தில் 49.7 சதவீதத் தடுப்பு. அது கிளப்பிய டி செல்கள் முக்கியமாக இன்டர்ஃபெரான் வகைதான்.

எம்72-இன் இறுதிக்கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. இலக்கு சுமார் 20,000 பேர். அத்தனை பேரின் நுரையீரலுக்குள்ளும் குழாய் விட்டுக் கழுவிய நீரை எடுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள், அதில் சுலபமாக அகப்படுவது இன்டர்ஃபெரான் காமா.