உலுருவா, கிரேடில் மலையா: குளிர்காலத்தில் கேமராவோடு எங்கே போவது?

மெல்பர்னில் எங்களுக்கு ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கும். அதில் ஒரு வாரத்தைக் கேமராவுக்கென்று ஒதுக்கினால் எங்கே போவது என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் வீட்டில் எழும். ஒரு குளிர்காலம், ஆஸ்திரேலியாவின் நடுவே செம்பாறையாக நிற்கும் உலுருவுக்குப் போனேன். அதற்கடுத்த இரண்டு குளிர்காலமும் தெற்கே டாஸ்மேனியாத் தீவின் கிரேடில் மலைக்கு. இந்த ஆண்டும் கிரேடிலுக்குத்தான் அறை போட்டிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்கப் போவதில்லை. ஏன் சாய்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: விக்டோரியாவின் பனிமலைகள். மவுண்ட் ஹாதம், ஃபால்ஸ் க்ரீக் பக்கம் பனி போர்த்திய ஸ்னோ கம் மரங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழையிலோ பனியிலோ நனைந்தால் அதன் பட்டையில் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு வரிகள் தெளிந்து வரும், ஈரச் சுங்கடிச் சேலையில் சாயம் பளிச்சிடுவதுபோல. ஆனால் நான் அங்கே ஒரே ஒரு பகல்தான் இருந்தேன். பனிச்சறுக்குக் கூட்டம், டயருக்குச் சங்கிலி கொண்டுபோக வேண்டிய கட்டாயம், நிறுத்த இடம் தேடுவது என்று அந்தப் பகலில் பாதி போய்விட்டது. ஒரு நாளை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை. அதனால் அதை இதோடு விடுகிறேன்.

தெரிந்த விஷயங்களையும் சட்டென்று முடித்துவிடலாம். உலுரு காய்ந்த மண், கிரேடில் ஈர மண். உலுருவில் ஜூலைப் பகல் இருபது டிகிரியைத் தொடும், ராத்திரி நான்கு ஐந்துக்கு இறங்கும். கிரேடிலில் பகலே ஐந்து ஆறு டிகிரிதான். உலுருவுக்கு மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேர விமானம், இறங்கியதும் வாடகைக் கார். கிரேடிலுக்கு நாங்கள் ஜீலாங்கில் காரோடு கப்பல் ஏறி, விடிந்ததும் டெவன்போர்ட்டில் இறங்கி, ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போவோம். இரண்டுமே தேசியப் பூங்காக்கள், நுழைவுச் சீட்டு வேண்டும். டிரோன் இரண்டிலும் கூடாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உலுருதான் சொகுசு என்று என் மனைவி சொல்வாள். அது சரிதான்.

இனி என் முடிவைத் தீர்மானித்த ஒன்றுக்கு வருகிறேன்: வெயில் எவ்வளவு சாய்வாக விழுகிறது என்பது.

நிலக்காட்சி எடுப்பவர்கள் காலை வெயிலுக்கும் மாலை மஞ்சள் வெயிலுக்கும் ஏன் அலைகிறார்கள்? சாய்வெயிலில்தான் பாறைக்கு மடிப்பு தெரியும், புல்லுக்கு நுனி தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போவதால் இந்தச் சாய்வெயில் நேரம் நீளும், ஆனால் எவ்வளவு நீளும் என்பது ஊருக்கு ஊர் மாறும். உலுரு தெற்கே ஏறக்குறைய 25 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் அங்கே நடுப்பகல் சூரியன் 41 டிகிரி உயரம் ஏறும். கிரேடில் மலை இருப்பது 41 டிகிரிக்கும் தெற்கே. அதே நாட்களில் அங்கே சூரியன் எவ்வளவு ஏறினாலும் 25 டிகிரிதான். அதாவது நண்பகலில் கூட ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் நிழல் நீண்டு கிடக்கும்.

இதை இன்னொரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியன் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் நேரத்தை நல்ல வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், உலுருவில் காலையும் மாலையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் கிடைக்கிறது. கிரேடிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். இத்தனைக்கும் கிரேடிலின் பகல் ஒன்பது மணி நேரம்தான், உலுருவின் பகல் பத்தரை. மிச்சமிருக்கும் நடுப்பகலும் 25 டிகிரியைத் தாண்டாததால் அதையும் வீணான நேரம் என்று சொல்ல முடியாது.

எண்களைவிட இரண்டு நண்பகல்களைச் சொன்னால் எளிதில் புரியும்.

உலுருவில் முதல் நாள். கிழக்குப் பக்கம் தலிங்குரு நியாக்குன்ஜாக்கு பார்வை மேடையில் விடியலுக்கு நின்றோம். மணற்குன்றின் மேல் ஸ்பினிஃபெக்ஸ் புல், அதற்கு அப்பால் 348 மீட்டர் உயரப் பாறை. கருஞ்சாம்பலாக இருந்தது செங்கல் நிறமாகி, பிறகு உலையில் பழுத்த இரும்புபோல் ஆனது. அந்தப் பாறையில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பு. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு ஒன்பதரை, பத்து மணிக்கெல்லாம் பாறை காவி நிறத்தில் நின்றுவிட்டது, வானம் ஒரு மேகம் இல்லாத நீலம். பத்து கிலோமீட்டருக்கு மேல் அடிவாரத்தைச் சுற்றி நடந்தோம், அருமையான நடை. ஆனால் கேமரா பையிலேயே கிடந்தது. குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பக்கம் முட்டிஜுலு நீர்நிலை நிழலில் இருந்தது. அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அங்கேதான் கிடைத்தது. மற்றபடி மாலை ஐந்து மணிக்காகக் காத்திருந்தோம். இரண்டாம் நாளும் அதே வானம், அதே இருபது நிமிடம். அதே பூங்காவில் இருக்கும் கடா ஜூடா குன்றுகளில் மாலை வெளிச்சம் இன்னும் அழகு, ஆனால் அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது.

கிரேடிலில், முதல் ஆண்டு. ரானி க்ரீக்கில் பலகைப் பாதையில் மதியம் ஒரு மணி. பட்டன்கிராஸ் புல்வெளி முழுக்கக் காலையில் விழுந்த உறைபனி இன்னும் கரையாமல் இருந்தது. மலை நிழல் விழும் பக்கம் அது நாள் முழுக்கவும் கரையவில்லை. வடக்கிலிருந்து வெயில் அந்தப் புல்லுக்குப் பின்னாலிருந்து வந்ததால் ஒவ்வொரு புற்கற்றையின் ஓரத்திலும் பொன்னிறக் கோடு. ஒரு வாம்பட், குட்டைக் கால் விலங்கு, பலகைக்கு நான்கடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. முதுகு மயிரில் பனித்துளிகள் தானியம் தானியமாக ஒட்டியிருந்தன. தலையை ஆட்டி மெல்லும்போதெல்லாம் அவை உதிர்ந்தன. மதியம் ஒரு மணிக்கு அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சென்னையில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டவன் நான். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை கேமராவை எடுக்காதே என்றே பழகியவன். அந்தப் பழக்கத்தை அங்கே விட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. டவ் ஏரியின் வடகரையில் நின்றால் 1,545 மீட்டர் உயரக் கிரேடில் மலை தெற்கே தெரியும். குளிர்காலத்தில் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் மறைவதால், மலை முகத்தில் காலையில் நம் இடப்பக்கத் தோளுக்குப் பின்னாலிருந்தும் மாலையில் வலப்பக்கத் தோளுக்குப் பின்னாலிருந்தும் வெயில் சாய்ந்து விழும். டாலரைட் என்ற கரும்பாறைத் தூண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஒரே இடத்தில் நின்று காலையில் ஒரு மலையையும் மாலையில் வேறொரு மலையையும் எடுக்கலாம்.

"அதெல்லாம் சரிண்ணா, வெயிலே வரலைன்னா?" என்று அடிலெய்டில் இருக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் பயணத்தில் ஐந்து பகலில் இரண்டரைப் பகல்தான் மலை தெரிந்தது. இரண்டாம் முறை ஒன்றரை. உலுருவில் மூன்று நாளும் மேகமே இல்லை. வானம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால் உலுருவுக்கே போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். மலை தெரியாத நாளில் காட்டுக்குள் போய்விடுவேன். குஸ்தாவ் வைண்டார்ஃபர் 1912இல் வால்ட்ஹைம் என்ற மரவீட்டைக் கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கிங் பில்லி பைன் மரக்காடு இருக்கிறது. இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். நான் மூன்று மணி நேரம் அதற்குள் நின்றேன். வேர், தண்டு, கல் எல்லாவற்றிலும் பாசி. வெயில் அடித்தால் அந்தக் காடு வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டுமாகிப் படத்துக்கே ஆகாது. மேகமும் தூறலும்தான் அதற்கு வெளிச்சம். லென்ஸில் ஒரு போலரைசரை மாட்டி இலையின் பளபளப்பை அடக்கினால் பச்சை அப்படியே ஊறி வரும். டாஸ்மேனியாவின் புகைப்படக்காரர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த ஃபிராங்க்ளின் நதிப் படம் ஒன்று 1983 தேர்தல் நேரத்தில் அணையை எதிர்த்து நாளிதழில் வந்தது. அதில் வெயிலே கிடையாது, மூடுபனியும் ஓடும் நீரும்தான். அந்தத் தீவின் வானிலையை எதிர்த்து நிற்காமல் அதோடு போனவர்களின் படங்களைப் பார்த்தால் இது விளங்கும். உலுருவில் வெயில் தட்டையானால் அடுத்து செய்ய ஒன்றுமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அங்கே மழை பெய்து பாறையில் அருவி இறங்குவதைப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

உலுருவில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அடிவாரத்தில் சில இடங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனாங்கு மக்கள் கேட்டுக்கொண்டு பலகை வைத்திருக்கிறார்கள். அவை அவர்களுடைய புனித இடங்கள். அந்த இடத்தில் நேரில்தான் பார்க்க வேண்டுமே தவிரப் படத்தில் அல்ல. கருவறைக்கு முன்னால் கேமராவை இறக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதை நான் குறையாக எண்ணவில்லை, அதற்காக உலுருவைத் தள்ளவும் இல்லை. படங்களை விற்க நினைத்தால் தனி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நட்சத்திரங்களுக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவும். ஜூன், ஜூலைதான் பால்வீதியின் நடுப்பகுதி நடு இரவில் தலைக்கு மேல் வரும் காலம். உலுருவின் வானம் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் பூங்காவைக் காலை 6.30க்குத் திறந்து மாலை 7.30க்கு மூடிவிடுகிறார்கள். இரவெல்லாம் பாறையடியில் நிற்க முடியாது. பூங்காவுக்கு வெளியே யூலாரா என்ற ஊரில் தங்குமிடத்துக்குப் பக்கத்திலிருந்து தொலைவில் தெரியும் கறுப்பு வடிவத்தோடுதான் எடுத்தேன். டவ் ஏரிக்கு இரவிலும் போகலாம், மலை தெற்கே இருப்பதால் தென்துருவ ஒளி (அரோரா) வந்தால் மலைக்கு மேலேயே தெரியும். 2024 மே மாதம் அந்த ஒளி ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளில் தெரிந்தது. கிரேடிலில் இன்னும் என் கண்ணில் படவில்லை. இரண்டு பயணத்திலும் சேர்த்துத் தெளிவான இரவு ஒன்றே ஒன்று.

பராமரிப்பில் கிரேடில் கேட்கும் விலை அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும். முதல் பயணம் முடிந்து வந்ததும் வேலைக் கெடுபிடியில் ஈரப் பையை அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் லென்ஸுக்குள் சிலந்தி இழைபோல் பூஞ்சை. சுத்தம் செய்தார்கள், ஆனால் கண்ணாடிப் பூச்சில் தடம் நின்றுவிட்டது. பழைய சாமான் வாங்கும் கடையில் அந்த லென்ஸைத் தொடக்கூட இல்லை. இப்போது வீடு திரும்பிய அன்றே எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காற்றாட வைத்து, பிறகுதான் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வைக்கிறேன். அங்கே இருக்கும்போது, குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ஆவி முழுக்கக் கேமரா மேல் படியும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பையைத் திறப்பேன். பல நாள் கேமராவைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டு, பேட்டரிகளை மட்டும் எடுத்துவந்து போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் கைவிட்டுவிடும், மூன்று இருந்தால் நிம்மதி. துடைக்கும் துணி குறைந்தது ஐந்து வேண்டும். உலுருவில் இந்த வம்பு எதுவும் இல்லை. டிரைபாட் காலின் மூட்டுகளில் சிவப்பு மணல் புகுந்து கறகறவென்று அரைத்ததைத் தவிர.

நீங்களும் கிரேடில் என்று முடிவு செய்தால் நான்கு இரவுக்குக் குறையாமல் போடுங்கள், பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். குளிர்காலத்தில் ஏழேமுக்கால் வாக்கில்தான் விடியும், ஷட்டில் பஸ் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் சொந்தக் காரில் ஏரிவரை போய்விடலாம். சாலை உறைந்திருந்தால் அதுவும் முடியாது, முந்தின நாள் மாலையே விசாரித்துவிடுங்கள். சாலையில் பளபளவென்று ஈரம்போல் தெரிவது பனிக்கட்டியாக இருக்கும், இரண்டாம் கியரில் மெல்லப் போங்கள்.

அடிலெய்டுத் தம்பி யோசித்துவிட்டு ஆகஸ்டில் உலுருவுக்குத்தான் போவதாகச் சொன்னார். அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஐந்து டிகிரி குளிரில் அவரை நிறுத்த முடியாது. அப்படியானால் மாலையில் எல்லோரும் கார் நிறுத்தும் இடத்தில் நிற்காமல், ஒரு நாளாவது தென்பக்க நிழலுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். அம்மாவும் அந்த நீர்நிலைவரை நடந்துவிடுவார், பாதை சமதரைதான்.