புல்லா, கல்லா, இரும்பா: அபுரிமாக் ஆற்றைக் கடக்க எது தோது?

பெரு நாட்டின் கூஸ்கோ பகுதியில், ஆண்டிஸ் மலை உயரத்தில், அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாச்சாக்கா என்ற தொங்குபாலம் இருக்கிறது. நீளம் 28 மீட்டர் சொச்சம். ஸ்பானியர்கள் வந்து பிடிக்கும்வரை அங்கே ஆண்ட இன்காக்களின் காலத்து முறையில் முழுக்க முழுக்கப் புல்லால் கட்டியது. கூப்பிடு தூரத்திலேயே வண்டிகள் போக ஓர் இரும்புப் பாலமும் உண்டு. அப்புறம் எதற்குப் புல்?

முதலில் கல்லைப் பார்த்துவிடலாம். ஸ்பானியர்கள் அபுரிமாக்கின் மேல் கல் வளைவுப் பாலம் கட்ட முயன்று தோற்றார்கள். வளைவு முழுதாகக் கூடும்வரை கீழிருந்து சாரம் தாங்க வேண்டும். செங்குத்தான பள்ளத்தில், சீறி ஓடும் ஆற்றில் சாரத்தை எங்கே ஊன்றுவது? கயிற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மெல்லிய கயிறு ஒன்று அக்கரை சேர்ந்தால், அதில் கட்டிப் பெரிய வடத்தை இழுத்துவிடலாம். நிலநடுக்கத்தில் கல் விரிசல் விடும், கயிறு ஆடிவிட்டு நிற்கும். இன்காக்களுக்குக் கல்வேலை தெரியாமல் இல்லை. வடத்தைக் கட்டும் கரைமேடைகளைக் கல்லில்தான் கட்டினார்கள்.

புல்லின் பலம் முறுக்கில் இருக்கிறது. ஓர் இழையைக் குழந்தைகூட அறுத்துவிடும். பல இழைகளை முறுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். பெண்கள் மெல்லிய கயிறு திரிக்கிறார்கள். ஆண்கள் அவற்றைச் சேர்த்து வடமாகப் பின்னுகிறார்கள். தரைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. ஒவ்வொரு ஜூனிலும் நான்கு ஊர்களின் மக்கள் கூடி மூன்றே நாளில் புதுப்பாலம் போட்டு, நான்காம் நாள் கொண்டாடுகிறார்கள். பழையதை வெட்டி ஆற்றில் விட்டால் அது மட்கிப் போகும். இந்த அறிவையும் சடங்கையும் 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சரி, நோயாளியை வண்டியில் கொண்டுபோக வேண்டுமென்றால்? இரும்புதான், சந்தேகமே இல்லை. இன்காக்களிடம் சக்கர வண்டி இல்லை. மனிதனும், சுமை தூக்கும் விலங்கான லாமாவும் நடந்தால் போதும் என்ற கணக்கில் பிறந்தது புல் பாலம். ஆனால் இரும்பு துருப்பிடித்தால் வெளியூர்ப் பணத்துக்கும் பொறியாளருக்கும் காத்திருக்க வேண்டும். புல் பாலத்தைப் புதுப்பிக்கும் ஆட்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.

அதன் பலவீனமும் அங்கேதான். பெருந்தொற்றால் 2020இல் புதுப்பிக்க முடியவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. வழக்கமாகப் பழைய பாலத்தின் துணையோடுதான் புது வடம் அக்கரை போகும். அந்த ஜூனில் அதுவும் இல்லாமலே கட்டி முடித்தார்கள்.