பார்சலில் அடைமுட்டை (குஞ்சு பொரிக்க வைக்கிற முட்டை) வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஒட்டன்சத்திரம் பக்கம் வீட்டில் எட்டுக் கோழி வளர்க்கிறேன். பிப்ரவரி கடைசியில் எங்கள் செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்தாள். சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழிதான், ஆனால் ஏற்கனவே மூன்று தடவை குஞ்சு பொரித்து வளர்த்தவள். இந்த முறை பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையின் முட்டை வைக்கலாம் என்று ஆசைப்பட்டு, வாட்ஸ்அப் குழுவில் பார்த்த ஒருவரிடம் 15 முட்டை சொன்னேன். ஒன்று 70 ரூபாய், பஸ் பார்சலுக்கு 150. மொத்தம் 1200 ரூபாய் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். "மூணு நாளைக்குள்ள இட்ட முட்டைக்கா, சேவலோட சேர்த்தே விட்டிருக்கேன்" என்றார்.

27ஆம் தேதி பார்சல் வந்தது. உமியும் இல்லை, தவிடும் இல்லை. செருப்பு டப்பாவில் நியூஸ்பேப்பரைக் கசக்கிப் போட்டு அனுப்பியிருந்தார். மூன்று முட்டை உடைந்து பேப்பரோடு ஒட்டிக் கிடந்தது. மீதி 12ஐ கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி அசையாமல் வைத்தேன். பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையை உடனே அடை வைக்கக் கூடாது, அகன்ற முனையில் ஓட்டுக்குள் காற்று நிற்கிற இடமான காற்றறை நிலைக்கு வரவேண்டும். காலையில் ரெண்டு ரெண்டாக மெல்லத் தட்டிப் பார்த்தேன். நல்ல முட்டை 'டிக்' என்று கணீரென்று கேட்கும். நான்கில் மட்டும் சத்தம் அடங்கிப்போய் வந்தது. டார்ச் அடித்தால் ஓட்டில் மயிரிழை மாதிரி கீறல்.

போன் செய்தேன். "லேசான கீறல்தானேக்கா, மெழுகு வச்சு அடைச்சிட்டு வைங்க, கோழி பார்த்துக்கும்" என்றார். மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டு அடைத்து, 12ஐயும் வைத்துவிட்டேன். அத்தை வழக்கம்போல ஒரு நம்பிக்கைக்காகக் கூடையில் அடுப்புக்கரியும் வரமிளகாயும் போட்டார்கள். புதிதாக இட்ட, விலை உயர்ந்த முட்டையில் உள்தோல் கிழியாமல் இருந்தால் மெழுகு உதவும் என்பது உண்மைதான். ஆனால் ரெண்டு நாள் பஸ்ஸில், வெயிலில் கிடந்த முட்டைக்கு அது எந்த விதத்தில் போதும்? கிருமி அதற்குள்ளேயே உள்ளே போயிருக்கும். கோழியின் சூடு நமக்குக் குஞ்சைக் கொடுக்கிற மாதிரியே அதற்கும் வசதி செய்துகொடுக்கும்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்தேன். ஐந்து முட்டையில் கருவே கூடவில்லை, வெறும் மஞ்சள். ஒன்றில் ரத்த வளையம், அதாவது கரு ஆரம்பித்துச் செத்துவிட்டது. காற்றறையோ பல முட்டைகளில் ரெண்டு விரல் அகலம், பழைய முட்டையில் அது பெரிதாக இருக்கும். அன்றுதான் ஒரு முட்டையின் பக்கவாட்டில் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, அழித்த பென்சில் தடம் தெரிந்தது: 9/2. பார்சல் வந்ததே 27ஆம் தேதி. பதினெட்டு நாள் பழைய முட்டை! ஒரு வாரம் தாண்டினாலே பொரிப்பு குறைய ஆரம்பித்துவிடும். கேட்டால் "அது கூண்டு நம்பர்க்கா" என்றார்.

அந்த ஆறையும் எடுத்துவிட்டேன். மீதி ஆறில் கீறல் விழுந்தது ரெண்டு. ஒன்று உள்ளே இருட்டாகக் கலங்கித் தெரிந்தது, கரு வளர்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன். உயிருள்ள கருவுக்குச் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். நரம்பில்லாமல் கலங்கலாக மட்டும் இருந்தால் அது கெட்டுப்போன கூமுட்டை.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை கோழிக்கூட்டுப் பக்கமே போக முடியவில்லை. அப்படி ஒரு நாற்றம். உள்ளே வாயு சேர்ந்து முட்டை வெடித்திருந்தது. பச்சையும் பழுப்புமாகக் கூழ், மற்ற ஐந்து முட்டை மேலும், செவலையின் வயிற்று இறகிலும் அப்பியிருந்தது. அவளோ எழுந்திருக்கவில்லை, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பணம் போனதை விடுங்கள், தீனியைக் குறைத்துக்கொண்டு 21 நாள் தவம் கிடக்கிற பிராணி அது.

கூடையிலிருந்த வைக்கோலை எல்லாம் எரித்துவிட்டு, புது வைக்கோல் போட்டேன். முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மட்டும் துடைத்தேன். உங்களுக்கு இப்படி நடந்தால் பச்சைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். முட்டை குளிர்ந்து உள்ளே சுருங்கும்போது ஓட்டின் துளை வழியாக அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோழியின் வயிற்றையும் துடைத்துக் காயவைத்து, முட்டை ஆறுவதற்குள் திரும்ப உட்காரவைத்தேன்.

கடைசியில் பொரித்தது ரெண்டே ரெண்டு. மூன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. முட்டை விற்றவருக்கு போட்டோ அனுப்பினேன், பார்த்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார். அதே ஆள் இன்னொரு குழுவில் இப்போதும் முட்டை விற்கிறார்.

வாங்குகிறவர்கள் முட்டை மேல் தேதி எழுதுவதை வீடியோவாகக் கேளுங்கள். பாதிப் பணம் மட்டும் முன்னால் கொடுங்கள், மீதி பார்சலைப் பிரித்துத் தட்டிப் பார்த்த பிறகு. கழுவின மாதிரி பளபளவென்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீறல் முட்டையை, யார் என்ன சொன்னாலும், கோழிக்கு அடியில் வைக்காதீர்கள்.